சொற்செயலியில் மேக்ரோ வழிப் பொருளடக்கம் ஆக்குதல்: திருமலை, திருப்பதி மூலங்களை முன்வைத்து

1. முன்னுரை

ஆய்வு நூலொன்றில் கடைசியாக எழுதப்படுவதும் முதலில் படிக்கப்படுவதும் பொருளடக்கமே. அச்சுக்கோப்பு முறை வழங்கிய காலத்தில், பக்க மெய்ப்பு முழுவதும் திருத்தி முடிந்த பின்னரே பொருளடக்கம் அச்சகத்திற்குச் சென்றது. சொற்செயலி வந்த பின்னர் இப்பணியை மென்பொருளிடமே ஒப்படைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. எனினும், பக்க எண்களைக் கையால் தட்டச்சு செய்து பொருளடக்கம் அமைக்கும் பழக்கம் ஆய்வேடுகளிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் எளிதில் மறையவில்லை. மெய்ப்புத் திருத்தத்தின்போது ஒரு பத்தி நீண்டால் அதன் பின்வரும் பக்க எண்கள் பலவும் தவறாகின்றன. அத்தவறு மேற்கோள் காட்டுவோர் வழியாகப் பிற நூல்களிலும் பரவுகிறது.

சொற்செயலி ஆவணத்தில் மேக்ரோவின் துணையுடன் பொருளடக்கம் ஆக்கும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மேக்ரோ என்பது சொற்செயலி தானே நிறைவேற்றும் வகையில் எழுதிவைக்கப்படும் கட்டளைத் தொடர்; தமிழில் குறுநிரல் என்றும் இது வழங்கும். திருமலை, திருப்பதிக் கல்வெட்டுத் தொகுதிகளும் அன்னமாசார்யரின் செப்பேட்டுப் பாடல்களும் இங்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரே தலத்தைச் சார்ந்த இவ்விரு மூலங்களும் பொருளடக்கம் ஆக்குவோருக்கு நேரெதிரான சிக்கல்களைத் தருகின்றன. மேக்ரோவால் எது இயலும், எது இயலாது என்பதை இவ்விரண்டையும் ஒப்பிட்டு நன்கு உணரலாம்.

2. மூலங்களும் அவற்றின் மொழிச் சூழலும்

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960இல் நிகழ்ந்த எல்லை மாற்றத்தில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்தைச் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இந்நிலப்பகுதியில் திராவிட மொழிகளின் ஆய்வுக்கெனக் குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தெலுங்கு வழங்கும் பகுதியில் அமைந்திருப்பினும் அவற்றுள் பெரும்பான்மையானவை தமிழில் கிரந்த எழுத்துக் கலப்புடன் பொறிக்கப்பட்டவை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் இவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதியைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரியும், அடுத்து வந்தவற்றை வி. விஜயராகவாசாரியரும் பதிப்பித்தனர். சாளுவ நரசிம்மர், கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர் என அரசர் காலத்தை அடிப்படையாகக் கொண்டு அத்தொகுதிகள் பகுக்கப்பட்டன.

மற்றொரு மூலம் தெலுங்கைச் சார்ந்தது. தாள்ளபாக்கம் அன்னமாசார்யரும் (1408–1503) அவர் வழிவந்தோரும் இயற்றிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் படித்துப் பதிப்பிக்கும் பணியில் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் ஈடுபட்டனர்.

இம்மூலங்களைக் கணினியில் தட்டச்சு செய்து மறுபதிப்போ மொழிபெயர்ப்போ வெளியிட முற்படும் ஒருவர், நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகளைக் கொண்ட ஆவணத்தைக் கையாள வேண்டியவராகிறார். இத்தகைய நூலுக்குக் கையால் பொருளடக்கம் எழுதுவது அரிது. பிழையின்றி எழுதுவது அதனினும் அரிது.

3. பொருளடக்கம் உருவாகும் முறை

சொற்செயலி ஒரு வரியைத் தலைப்பு என்று தானே அறிவதில்லை. அதனை அறிவிக்கும் முறைகள் இரு வகைப்படும். முதலாவது, தலைப்பாகும் இடத்தில் குறியிடுதல். வேர்டுஸ்டாரில் புள்ளியில் தொடங்கும் கட்டளையும், வேர்டுபெர்பெக்டில் குறியிட்டுப் பின்னர்த் தொகுக்கும் முறையும் இவ்வகையின. இரண்டாவது, பத்திக்கு ஒரு பாணியை வழங்குதல். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான தலைப்புப் பாணிகள் இதற்கென அமைந்துள்ளன. லிபர்ஆஃபீஸ் ரைட்டரும் இம்முறையையே பின்பற்றுகிறது. லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியில் தலைப்புக் கட்டளைகள் யாவும் முதல் ஓட்டத்தில் ஒரு துணைக் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த ஓட்டத்தில் பொருளடக்கமாக அச்சிடப்படுகின்றன.

வேர்டில் பொருளடக்கம் என்பது ஒரு புலம் ஆகும். புலம் என்பது ஆவணத்தின் வேறிடத்திலிருந்து செய்தியைப் பெற்றுக் காட்டும் இடம். திரையில் தெரியும் தலைப்புகளும் பக்க எண்களும் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரத்தின் நிலையையே காட்டுகின்றன. அதன் பின்னர் ஆவணத்தில் செய்யப்படும் மாற்றம், புலத்தை மீண்டும் புதுப்பிக்கும் வரை அங்குத் தோன்றாது. ஆகவே, தானியங்கிப் பொருளடக்கம் அமைத்த நூலிலும் தவறான பக்க எண்கள் அச்சேற வாய்ப்புண்டு.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டை உணர்தல் வேண்டும். எழுத்தைத் தடிப்பாக்கி, அளவைப் பெரிதாக்கி, நடுவில் அமைத்தால் படிப்பவர் கண்ணுக்கு அது தலைப்பாகும். சொற்செயலிக்கு அது சாதாரணப் பத்தியே. தோற்றத்தைக் கொண்டு தட்டச்சு செய்த ஆவணத்தை அமைப்பைக் கொண்ட ஆவணமாக மாற்றுவதே மேக்ரோவின் முதற்பணி.

4. மேக்ரோ செய்யும் பணிகள்

வேர்டில் மேக்ரோக்கள் தொடக்கத்தில் வேர்டுபேசிக் மொழியிலும், வேர்டு 97 முதல் விஷுவல் பேசிக்கின் பயன்பாட்டு வடிவிலும் எழுதப்பட்டு வருகின்றன. மொழி எதுவாயினும் கல்வெட்டுத் தொகுதி ஒன்றுக்கு எழுதப்படும் மேக்ரோ பின்வரும் ஒழுங்கில் அமைதல் நன்று.

(அ) மூல ஆவணத்தைப் படியெடுத்து, படியின் மீதே செயற்படுதல். பாணி மாற்றம் ஆவணம் முழுவதையும் பாதிக்கும் என்பதால் இது இன்றியமையாதது.

(ஆ) ஒவ்வொரு பத்தியையும் வரிசையாக நோக்கி, தலைப்பின் அடையாளத்தைச் சோதித்தல். கல்வெட்டுத் தொகுதியில் பத்தி ‘எண்’ என்னும் சொல்லுடன் ஓர் இலக்கத்தைப் பெற்றுத் தொடங்குதல் அத்தகைய அடையாளம். அரசர் பெயர் கொண்ட பெரும்பகுப்புக்கு முதல்நிலைத் தலைப்பும், கல்வெட்டுக்கு இரண்டாம்நிலைத் தலைப்பும் வழங்கப்பெறும்.

(இ) பாணியைப் பெயரால் அழைக்காது எண்ணால் அழைத்தல். சொற்செயலியின் இடைமுக மொழி மாறினால் பாணியின் பெயரும் மாறக்கூடும். முதல்நிலைத் தலைப்புக்கு −2, இரண்டாம்நிலைக்கு −3 எனத் தொடரும் உள்ளமைந்த எண்கள் மாறுவதில்லை.

(ஈ) கல்வெட்டு எண்களின் தொடர்ச்சியைச் சரிபார்த்தல். 47க்குப் பின் 49 வருமாயின் அதனைத் தனி ஆவணத்தில் பதிந்து பதிப்பாசிரியருக்குக் காட்டுதல் வேண்டும். மேக்ரோ தானே திருத்துதல் கூடாது. விடுபட்டது தட்டச்சில் நேர்ந்த பிழையா, மூலப் பதிப்பிலேயே உள்ள நிலையா என்பதை மேக்ரோ அறியாது.

(உ) பழைய பொருளடக்கம் இருப்பின் நீக்கிப் புதியதை அமைத்தல், பின் புதுப்பித்தல். பொருளடக்கமும் நூலின் உடலும் ஒரே பக்க எண் வரிசையில் இருப்பின் இருமுறை புதுப்பிப்பது பாதுகாப்பானது. பொருளடக்கமே பல பக்கங்களை நிரப்பிப் பின்வரும் பக்கங்களைத் தள்ளிவிடுவதே இதற்குக் காரணம். முகப்புப் பக்கங்களை ரோமன் எண்களிலும் நூலின் உடலை 1 முதலும் எண்ணினால் இச்சிக்கல் எழுவதில்லை.

தலைப்பை இரு வரிகளாக மடிக்கும்போது நேரும் பிழையும் கவனிக்கத்தக்கது. நீண்ட தலைப்பின் நடுவில் பத்திமுறிவு இட்டால் பொருளடக்கத்தில் அது இரு தலைப்புகளாகப் பிரியும். வரிமுறிவு இட்டால் அம்முறிவு பொருளடக்கத்திலும் தொடரும். மேக்ரோ இரண்டையும் கண்டறிந்து முன்னரே ஒன்றிணைத்தல் வேண்டும்.

5. எழுத்துக் குறியீட்டால் எழும் சிக்கல்கள்

5.1 பழைய எழுத்துருக்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்களில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டியது. இவ்வாறான ஆவணத்தில் பொருளடக்கம் ஆக்கினால், தலைப்புகள் பொருளடக்கப் பாணிக்குரிய எழுத்துருவை ஏற்றுப் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். பொருளடக்கப் பாணிகளுக்கும் அதே தமிழ் எழுத்துருவை வழங்குவதே இதற்குத் தீர்வு. ஆனால் ஒரே தலைப்பில் தமிழும் தெலுங்கும் வருமாயின் ஓர் எழுத்துரு போதாது. அத்தகைய ஆவணத்தை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே மேக்ரோவை இயக்குதல் முறை. ஒருங்குறியில் தமிழ், தெலுங்கு ஆகியவற்றுக்கு 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டன. கிரந்தத்திற்கு 2014இல் வெளியான ஏழாம் பதிப்பில் இடம் கிடைத்தது.

5.2 ஒத்த தோற்றமும் வேறு குறியீடும்

ஒருங்குறியிலும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. ‘ஸ்ரீ’ என்னும் வடிவம் இருவகைக் குறியீட்டுத் தொடர்களால் எழுதப்படலாம்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். ஒகர உயிர்மெய்க் குறியும் ஒரே குறியீடாகவோ, எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரு குறியீடுகளாகவோ இருக்கலாம். ஔகாரத்திற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டச்சு செய்யப்படுவதும் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது; மேக்ரோவின் தேடலுக்கோ இவை வெவ்வேறு சொற்கள். இரு தட்டச்சர்கள் பகிர்ந்து உள்ளிட்ட தொகுதியில் ஒருவர் உள்ளிட்ட பகுதி முழுவதும் பொருளடக்கத்திலிருந்து விடுபடக்கூடும். ஆதலின், தேடலுக்கு முன் எழுத்துகளை ஒருமைப்படுத்தும் தனி மேக்ரோ இன்றியமையாததாகிறது.

5.3 தோற்றப் பண்புகளைச் சோதித்தல்

தடிப்பான பத்திகளையெல்லாம் தலைப்பாக்கும் மேக்ரோ ஆங்கில ஆவணத்தில் ஓரளவு பயன்படும். வேர்டு, தமிழ், தெலுங்கு போன்றவற்றைச் சிக்கல் வரிவடிவங்கள் என்னும் வகையில் வைத்து, அவற்றின் எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகியவற்றைத் தனிப் பண்புகளாகப் பதிந்துகொள்கிறது. ரோமன் எழுத்துக்குரிய தடிப்பை மட்டும் சோதிக்கும் மேக்ரோ தமிழ்த் தலைப்பைத் தவறவிடலாம். இரு பண்புகளையும் சோதிப்பதே தக்க முறையாகும்.

6. தலைப்பில்லாத மூலமும் தலைப்புடைய மூலமும்

மேற்கண்ட சிக்கல்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை, முயன்றால் தீர்க்கத்தக்கவை. அடுத்து வருவது பதிப்பியல் சார்ந்தது.

கல்வெட்டுக்குத் தலைப்பு இல்லை. விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகள் பல ‘சுபமஸ்து’, ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்னும் மங்கலச் சொற்களுடன் தொடங்கி, அரசரின் விருதுப் பெயர்களைக் கூறி, சகாப்தத்தையும் நாளையும் குறித்து, அதன் பின்னரே கொடைச் செய்திக்கு வருகின்றன. தலைப்பில்லாத உறுப்புக்கு அதன் முதல் வரியையே தலைப்பாகக் கொள்ளுமாறு மேக்ரோ எழுதப்பட்டால், ஒரே மங்கலத் தொடரைத் திரும்பத் திரும்பக் கூறும் பொருளடக்கமே கிடைக்கும். அதில் பக்க எண்கள் சரியாக இருக்கும். ஆனால் எந்தக் கல்வெட்டையும் தேடிக் காண இயலாது.

செப்பேட்டுப் பாடல்களின் நிலை வேறு. அங்குப் பாடலின் மேல் இராகப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தோற்றத்தால் அது தலைப்புப் போன்றதே. அதனைத் தலைப்பாகக் கொண்டால் ஒரே இராகத்தின் பெயர் பல பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரும். இங்குப் பாடலை இனங்காட்டுவது அதன் பல்லவியின் முதலடி. கல்வெட்டில் பயன்படாத முதல் வரி, பாடலில் தக்க தலைப்பாகிறது. பாடற்பதிப்பில் இராகப் பெயருக்கு அடுத்த பத்தியை இரண்டாம்நிலைத் தலைப்பாக்குமாறு மேக்ரோவுக்குக் கட்டளையிட்டால் போதும். இராக வரிசை தனிச் சுட்டியாக அமையலாம்.

கல்வெட்டுக்கோ தலைப்பைப் பதிப்பாசிரியரே படைத்தல் வேண்டும். அரசர், ஆண்டு, கொடையாளர், கொடைப்பொருள், கல்வெட்டு உள்ள இடம் ஆகிய ஐந்தும் தலைப்பாகத் தகுதியுடையவை. இவற்றுள் எதனை முன்வைப்பது என்பது நூலின் பயனைப் பொறுத்தது. வரலாற்றாய்வாளர் ஆண்டை நாடுவர். மொழியியலார் மொழியையும் காலத்தையும் நாடுவர். 1513இல் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு அளித்த கொடைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அரசர் பெயரும் ஆண்டும் கொடைப்பொருளும் மட்டும் கொண்ட தலைப்பு அவற்றை வேறுபடுத்திக் காட்டாது. தலைப்பில் மொழிப்பெயரும் இடம்பெறுதல் வேண்டும் என்னும் முடிவைப் பதிப்பாசிரியர் மேற்கொள்ளாவிடில், மேக்ரோ ஒரே தலைப்பைப் பலமுறை எழுதிவிட்டு அமையும்.

இவ்வைந்து செய்திகளையும் ஒவ்வொரு கல்வெட்டின் தொடக்கத்திலும் ஒரு நிலையான ஒழுங்கில் தட்டச்சு செய்துவிட்டால், அவற்றிலிருந்து தலைப்பை இணைத்துத் தரும் பணியை மேக்ரோ ஏற்கும். ஆண்டு வரிசை வேண்டுவோருக்கும் கொடையாளர் வரிசை வேண்டுவோருக்கும் ஒரே உள்ளீட்டிலிருந்து வெவ்வேறு பட்டியல்கள் ஆக்கலாம். அரசர் கால அடிப்படையில் பகுக்கப்பட்ட தொகுதிகளில் ஒரே கொடையாளர் இரு அரசர் காலத்தில் அளித்தவற்றை ஒருசேரக் காண்பதற்கு இது பெரிதும் உதவும்.

7. இருமொழிப் பொருளடக்கம்

தமிழ்க் கல்வெட்டுகள் தெலுங்கு மொழிபெயர்ப்புடன் வெளியிடப்படும் நூலில் இரு பொருளடக்கங்கள் தேவைப்படும். அவற்றை இருவர் தனித்தனியே எழுதினால் ஒன்றில் சேர்க்கப்பட்ட உறுப்பு மற்றொன்றில் விடுபடுதல் இயல்பு. வேர்டில் டிசி புலம் என வழங்கும் மறைகுறி இதற்கு வழிகாட்டுகிறது. பக்கத்தில் அச்சிடப்படாத தலைப்பை இப்புலத்தில் எழுதி, ஓர் ஆங்கில எழுத்தை அதற்கு அடையாளமாக வழங்கலாம். தமிழ்த் தலைப்புகளுக்கு ‘ஏ’ எனவும் தெலுங்குத் தலைப்புகளுக்கு ‘பி’ எனவும் அடையாளமிட்டு, கல்வெட்டு தொடங்கும் ஒரே இடத்தில் இரு புலங்களையும் மேக்ரோ செருகும். பின்னர் ‘ஏ’ அடையாளமுடையவற்றைக் கொண்டு தமிழ்ப் பொருளடக்கமும், ‘பி’ அடையாளமுடையவற்றைக் கொண்டு தெலுங்குப் பொருளடக்கமும் தொகுக்கப்படும். இரண்டும் ஓரிடத்திலிருந்து பெறப்படுவதால் பக்க எண்கள் முரண்படுவதில்லை. புதுப்பிக்கும் வேளையில் மறைகுறிகள் திரையில் காட்டப்பட்டிருப்பின் அவை இடத்தை அடைத்துப் பக்க எண்களை மாற்றிவிடும். ஆகவே, அவற்றை மறைக்கும் கட்டளை மேக்ரோவில் முதலிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

இம்முறையால் மொழிபெயர்ப்பாளர் பெறும் பயன் பக்க எண்ணோடு முடிவதில்லை. இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது கலைச்சொல் ஒருமை வெளிப்படையாகச் சோதிக்கப்படுகிறது. ‘தளிகை’ என்னும் சொல் தெலுங்கில் ஒரு தலைப்பில் ‘தளிக’ என்றும், வேறொரு தலைப்பில் ‘நைவேத்யம்’ என்றும் வருமாயின், நூலின் உள்ளே பல பக்க இடைவெளியில் மறைந்திருந்த அவ்வேறுபாடு பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் தோன்றும். ‘பொலியூட்டு’, ‘ஸ்ரீபண்டாரம்’, ‘ஸ்தானத்தார்’ போன்ற சொற்களுக்கும் இது பொருந்தும். மூலத்தில் ஒரே சொல்லாக இருந்தது மொழிபெயர்ப்பில் இரு சொற்களானால், தெலுங்கு வழிப் படிக்கும் ஆய்வாளர் அவற்றை இரு வேறு நிறுவனங்களாகவோ இரு வேறு கொடை வகைகளாகவோ கருத இடமுண்டு. ஆகவே, பொருளடக்கத்தை நூல் முடிந்த பின் ஒருமுறை மட்டும் ஆக்காது, மொழிபெயர்ப்பு நடைபெறும்போதே இடையிடையே ஆக்கிப் பார்த்தல் பயனுடையது. கையால் எழுதும் முறையில் இது இயலாது. மேக்ரோ இருப்பின் சிறிது நேரத்தில் நிறைவேறும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், மேக்ரோ வழிப் பொருளடக்கம் ஆக்குதலில் மூன்று படிநிலைகள் இருத்தல் பெறப்படும். எழுத்துகளை ஒருமைப்படுத்துதல் முதற்படி. தோற்றத்தால் அமைந்த தலைப்புகளைப் பாணியால் அல்லது மறைகுறியால் அமைந்த தலைப்புகளாக மாற்றுதல் இரண்டாம் படி. அவற்றைத் தொகுத்துப் புதுப்பித்தல் மூன்றாம் படி. இம்மூன்றும் மேக்ரோவின் எல்லைக்குள் அடங்குவன.

இவற்றுக்கெல்லாம் முற்பட்டதாகிய தலைப்பிடுதல் மட்டும் அவ்வெல்லைக்குப் புறம்பானது. பாடலுக்குப் பல்லவியும் கல்வெட்டுக்குக் கொடைச் செய்தியும் தலைப்பாகத் தகும் என்பதை மூலத்தைப் படித்தவரே கூற இயலும். தலைப்பிடும் நெறியைப் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் தட்டச்சு தொடங்குவதற்கு முன்னரே கலந்து முடிவுசெய்து, அதனை எழுத்தில் வரையறுத்து, ஆவணத்தின் வார்ப்புருவிலேயே சேர்த்துவிடுதல் நலம். அவ்வாறு செய்யப்பெறின், பின்னர் எத்தனை முறை திருத்தங்கள் நேரினும் பொருளடக்கம் நூலைவிட்டு விலகாது. மலைக்கோயிற் சுவரில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டைத் தமிழறிந்தவரும் தெலுங்கறிந்தவரும் ஒரே பக்கத்தில் கண்டடைவர்.